கூப்பிடு தூரத்தில் வீடு

சிலேட்டில் எழுதிப் படித்தவர்களுக்குத் தெரியும், அதைத் துடைக்க ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஏற்பாடு வைத்திருக்கும். எங்கள் பள்ளியில் கோவை இலை. அவசரத்துக்கு எச்சில். அமெரிக்காவின் டகோட்டா சமவெளியில் கிராட்டன் என்ற சிற்றூரில் படித்த எட்டு வயது வால்டர் ஆலனிடம் ஒரு சென்ட் பாட்டில் இருந்தது. அந்தக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் நிரப்பி மேஜையில் வைத்திருப்பான். அதிலிருந்து சொட்டு விட்டுத்தான் சிலேட்டைத் துடைப்பான். வகுப்பில் வேறு யாரிடமும் இல்லாத பொருள்.

1888 ஜனவரி 12, வியாழக்கிழமை. முற்பகலில் பள்ளியைப் பனிப்புயல் சூழ்ந்தது. ஊர்க்காரர்கள் குதிரை வண்டிகளைக் கொண்டுவந்து பிள்ளைகளை அள்ளி ஏற்றினார்கள். வண்டி நகரும்போது வால்டருக்குப் புட்டியின் ஞாபகம் வந்தது. அடுப்பு அணைந்த வகுப்பறையில் தண்ணீர் உறைந்தால் கண்ணாடி வெடித்துப் போகும். குதித்து உள்ளே ஓடினான். புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது வண்டிகளைக் காணோம். வண்டி மட்டுமா, வானமும் தரையும்கூடக் காணோம். எங்கே பார்த்தாலும் வெள்ளை. நாலு எட்டு வைத்தான், காற்று கீழே தள்ளியது. இமைகளில் பனி ஒட்டி உறைந்து கண் மூடிக்கொண்டது.

அவன் வண்டியில் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போனவன் அண்ணன் வில். வயது பதினெட்டு. கண்ணால் தேடிப் பயனில்லை என்று அவனுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. முழங்காலிட்டான். கைகளால் தரையைத் துழாவிக்கொண்டே தவழ்ந்தான். இருட்டறையில் சாவியைத் தேடுவதுபோல, பட்டப்பகலில், திறந்த வெளியில் தம்பியைத் தேடினான். கடைசியில் ஏதோ தட்டுப்பட்டது. தம்பி! உயிர் இருந்தது. தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அமெரிக்க வரலாற்றில் அந்த நாளின் புயலுக்குப் ‘பள்ளிக்கூடப் பனிப்புயல்’ என்றும் ‘குழந்தைகளின் பனிப்புயல்’ என்றும் பெயர். செத்தவர்கள் 235 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிட மிக அதிகம் என்பாரும் உண்டு. செத்தவர்களில் பலர் பள்ளியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். அந்த நாளின் கதைகளைத் தேடிப் படித்தால், காப்பாற்றியவர்களிலும் காப்பாற்றப் போராடியவர்களிலும் பலர் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள். பதின்மூன்று வயது அக்கா, பதினெட்டு வயது அண்ணன், பத்தொன்பது வயது டீச்சர். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

*

அந்தச் சமவெளியை முதலில் கண்முன் கொண்டுவர வேண்டும். டகோட்டா அப்போது மாநிலம்கூட இல்லை, வெறும் ஆட்சிப்பகுதி. அது வடக்கு, தெற்கு என்று இரண்டு மாநிலங்களானது 1889-இல்தான். 1862-இன் குடியேற்றச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகள் தங்கி உழுதால் 160 ஏக்கர் நிலம் சொந்தம். அதை நம்பி நார்வேயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். வந்து பார்த்தால் மரமே இல்லாத பூமி. வீடு கட்டப் பலகை கிடையாது. வேரோடு புல்தரையைப் பாளம் பாளமாக வெட்டி, செங்கல்போல அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். பள்ளிக்கூடங்களும் பல இடங்களில் அப்படித்தான். விறகும் கிடையாது. காய்ந்த புல்லை முறுக்கிக் கட்டி எரித்தார்கள், மக்காச்சோளத் தக்கையை எரித்தார்கள், மாட்டுச் சாணத்தை எரித்தார்கள். வறட்டி தட்டிய நமக்கு இது புரியும். ஆனால் அந்த அடுப்பை நம்பித்தான் மைனஸ் முப்பது டிகிரி குளிரில் ஒரு வகுப்பறை இயங்கியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த வீடு என்பது அரை மைல், ஒரு மைல் தள்ளி. பார்வைக்கு அடையாளமாக ஒரு மரமோ மேடோ கிடையாது. வெள்ளையில் வழி தவறினால் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. நடந்துகொண்டே இருக்கலாம்.

ஜனவரி 12 காலை அந்த ஊர்களில் நல்ல நாளாக விடிந்தது. முந்தைய நாட்களில் எலும்பை உருக்கும் குளிர், வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். அன்றைக்குத் தெற்கிலிருந்து இளஞ்சூடான காற்று வீசியது. கூரையில் பனி உருகிச் சொட்டியது. ஆண்கள் மாடுகளைத் தண்ணீர் காட்ட ஓட்டிப் போனார்கள். பிள்ளைகள் கனத்த கோட்டையும் கையுறையையும் வீட்டிலேயே போட்டுவிட்டு, விடுபட்ட உற்சாகத்தில் பள்ளிக்கு ஓடினார்கள். அந்த மிதமான காலைதான் இத்தனை பேரைக் கொன்றது. வழக்கம்போலக் குளிராக விடிந்திருந்தால் பாதிப் பேர் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டார்கள்.

அந்த நேரத்தில் கனடாவிலிருந்து ஆர்க்டிக் குளிர்காற்று ஒரு சுவர்போல இறங்கிக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து வந்த ஈரமான வெப்பக்காற்றின்மீது அது வந்து மோதியது. மேகம் நகர்ந்து வந்து, தூறி, பிறகு வலுக்கும் மழைதான் நமக்குத் தெரியும். இது அப்படி வரவில்லை. வடமேற்கில் அடிவானத்தோடு ஒட்டி ஒரு கருஞ்சாம்பல் திரை தெரிந்தது, ரயில் வருவதுபோல ஓர் இரைச்சல் கேட்டது, அவ்வளவுதான். அடுத்த சில நிமிடங்களில் நீட்டிய கை தெரியவில்லை. விழுந்தது பூப்பூவாய் மிதந்து வரும் பனியும் இல்லை. சலித்த மாவுபோலப் பொடி. மூக்கில், தொண்டையில், சட்டைத் தையலின் இடுக்கில் எல்லாம் புகுந்தது. கண்ணைத் திறந்தால் ஈரத்தில் ஒட்டி உறைந்தது, மூடினால் இமை திறக்கவில்லை. மறுநாள் விடியலுக்குள் பல இடங்களில் மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிட்டது.

முன்னறிவிப்பே இல்லையா? இருந்தது. அப்போது வானிலை பார்த்தது ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவு. இந்தப் பகுதிக்கான பொறுப்பு, மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரத்தில் உட்கார்ந்திருந்த லெப்டினன்ட் தாமஸ் உட்ரஃப் என்பவருடையது. பனி பெய்யும், காற்று வடக்கே திரும்பும், டகோட்டாவுக்கும் நெப்ராஸ்காவுக்கும் கடுங்குளிர் வரும் என்று அவர் சொல்லத்தான் செய்தார். கொல்லப்போகிற புயல் என்று சொல்லவில்லை, அதைக் கணிக்கும் கருவிகளும் அன்று இல்லை. சொன்னதும் யாரைச் சேர்ந்தது? தந்தி வந்த ஊர்களில் வெள்ளைத் துணியின் நடுவே கறுப்புச் சதுரம் போட்ட கொடியை ஏற்றுவார்கள், அதுதான் கடுங்குளிர் எச்சரிக்கை. பத்து மைல் தள்ளிப் புல்வீட்டில் இருப்பவனுக்கு அந்தக் கொடி எப்படித் தெரியும்? புல்வெளிப் பள்ளியின் டீச்சருக்கு வானிலை அறிக்கை என்பது ஜன்னலுக்கு வெளியே தெரிவதுதான். அது தெரிந்தபோது முடிவெடுக்க அவருக்குச் சில நிமிடங்களே இருந்தன.

*

டீச்சர் என்றதும் நடுத்தர வயதில் ஒருவர் மனதில் வருகிறார். சமவெளியின் ஓரறைப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்கள் பலர் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டி, ஒரு தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியிருப்பார்கள். பக்கத்துப் பண்ணை வீட்டில் தங்கிச் சாப்பிட்டு, காலையில் முதல் ஆளாக வந்து அடுப்பு மூட்டுவதும் அவர்கள் வேலைதான். பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் டீச்சரைவிட இரண்டு வயதுதான் இளையவனாக இருப்பான். இவர்களை ‘அவள்’ என்று எழுதுவதா, ‘அவர்’ என்று எழுதுவதா என்று எனக்குத் தடுமாற்றமாகத்தான் இருந்தது. வயதைப் பார்த்தால் நம் வீட்டுப் பெண். தலையில் விழுந்த பொறுப்பைப் பார்த்தால் ‘அவர்’ என்பதே சரி.

நெப்ராஸ்கா மாநிலத்தின் ஆர்ட் ஊருக்கு அருகே, மீரா பள்ளத்தாக்கில், மிட்வேல் பள்ளியில் இருந்தவர் மின்னி ஃப்ரீமன். வயது பத்தொன்பது. புயல் அடித்தபோது பிள்ளைகளை உள்ளேயே வைத்திருக்கத்தான் அவர் நினைத்தார். சரியான முடிவு. ஆனால் காற்று கூரையைப் பிய்த்தது. இனி உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் ஒன்றுதான். பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, தான் தங்கியிருந்த வீட்டை நோக்கி நடந்தார். ஏறத்தாழ ஒரு மைல். சின்னதுகளைப் பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள்.

அவர் பிள்ளைகளை ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டி இழுத்துப் போனார் என்பது ஊரறிந்த கதை. அன்று அந்த வகுப்பில் இருந்த பிள்ளை ஒன்றே பின்னாளில், கயிறெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டது. அதற்குள் கயிறு நிலைத்துவிட்டது. பதின்மூன்று பேரைக் காப்பாற்றிய ‘நெப்ராஸ்காவின் அஞ்சாத பெண்’ என்று அதே ஆண்டில் சிகாகோவில் பாட்டு அச்சானது. தங்கக் கடிகாரம் பரிசு வந்தது. முன்பின் தெரியாத ஆண்களிடமிருந்து கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. இன்றைக்கும் லிங்கன் நகரில் நெப்ராஸ்கா சட்டமன்றக் கட்டடத்துக்குள் போனால், 1960-களில் ஜீன் ரேனல் என்ற ஓவியர் செய்த சுவர்ச் சித்திரம் ஒன்றைப் பார்க்கலாம். வண்ணக் கண்ணாடி பதித்த அந்தச் சித்திரத்திலும் கயிறு இருக்கிறது.

மின்னியின் துணிச்சலில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் அவர் கதையை மட்டும் சொல்லி நிறுத்தும்போதெல்லாம் எனக்கு லோயிஸ் ராய்ஸ் ஞாபகம் வருகிறார்.

லோயிஸ் அதே நெப்ராஸ்காவில், பிளெய்ன்வியூ ஊருக்கு அருகே டீச்சர். அன்று அவரிடம் மாட்டிக்கொண்டவர்கள் மூன்றே பேர். ஒன்பது வயதில் இரண்டு பையன்கள், ஆறு வயதில் ஒரு சிறுமி. லோயிஸும் மின்னியைப் போலவே பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொண்டார். மதியம் மூன்று மணி வாக்கில் எரிக்க ஒன்றும் மிச்சமில்லை. வெளியே நிற்கிற அதே குளிர் இரவுக்குள் வகுப்பறைக்குள்ளும் வந்துவிடும். அவர் தங்கியிருந்த வீடு கூப்பிடு தூரத்தில். தெளிந்த நாளில் இங்கிருந்து குரல் கொடுத்தால் அங்கே யாராவது எட்டிப் பார்ப்பார்கள். தினமும் காலையும் மாலையும் நடந்து பழகிய தடம்.

மூன்று பேரையும் பிடித்துக்கொண்டு கிளம்பினார். வீடு வரவில்லை.

நடக்க நடக்க வரவில்லை. இருட்டிவிட்டது. ஒரு கட்டத்தில், இனி நடப்பது வீண் என்று திறந்த வெளியிலேயே படுத்துப் பிள்ளைகளை அணைத்துக்கொண்டார். அந்த இரவில் மூன்று பிள்ளைகளும் ஒவ்வொருவராக அவர் அணைப்பிலேயே இறந்தார்கள். லோயிஸ் பிழைத்தார்.

இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் யோசித்தார்கள். முடிந்தவரை உள்ளே, முடியாதபோது தெரிந்த வீட்டுக்கு. மின்னி நடந்தது ஒரு மைல், லோயிஸ் நடக்க வேண்டியிருந்தது அதில் ஒரு சிறு துண்டு. ஒருவருக்குப் பாட்டும் தங்கக் கடிகாரமும், இன்னொருவருக்கு மூன்று சவங்கள். இடையில் இருந்த வித்தியாசம் துணிச்சலும் புத்தியும் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நிமிடத்தில் காற்று எந்தப் பக்கம் தள்ளியது, கால் எந்த வேலிக் கம்பத்தில் இடித்தது என்பதுபோன்ற, மனிதர் கையில் இல்லாத விஷயங்கள்தான் அந்த இரவைத் தீர்மானித்தன.

*

பிள்ளைகள் மூவரும் இறக்க, அதே தரையில் அதே காற்றில் படுத்திருந்த டீச்சர் எப்படிப் பிழைத்தார் என்று கேட்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். அந்தக் கேள்விக்கு உடலியல் தெளிவாகப் பதில் சொல்கிறது. உடம்பு சிறியதாக இருந்தால், அதன் எடையோடு ஒப்பிட வெளித்தோலின் பரப்பு அதிகம். சின்னத் தம்ளரில் ஊற்றிய காபி சீக்கிரம் ஆறுவதும் குண்டான் காபி சூடாகவே இருப்பதும் இதனால்தான். ஆறு வயதுக் குழந்தையின் உடம்பு தன் சூட்டை, இருபது வயதுப் பெண்ணின் உடம்பைவிட வெகு வேகமாக இழக்கும். எவ்வளவு இறுக அணைத்தாலும், எதைக் கழற்றிப் போர்த்தினாலும் அந்தக் கணக்கு மாறாது.

நம் உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி. 35-க்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா என்கிறார்கள் மருத்துவர்கள். முதலில் நடுக்கம். அது உடம்பு சூடு உண்டாக்கப் போராடுகிறது என்பதற்கு அடையாளம். 32-ஐ ஒட்டி இறங்கும்போது நடுக்கமே நின்றுபோகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தேறிவிட்டதாகத் தோன்றும், உண்மையில் உடம்பு தோற்றுக்கொண்டிருக்கும். பேச்சு குழறும், முடிவெடுக்கும் திறன் போகும், தூக்கம் அழுத்தும். சிலருக்குக் கடைசிக் கட்டத்தில் உடம்பு எரிவதுபோலத் தோன்றி, போட்டிருக்கும் துணியையும் கழற்றி எறிவார்கள். அதனால்தான், தூங்க விடாதே என்பது சமவெளிக்காரர்களின் முதல் பாடம்.

இன்றைய தெற்கு டகோட்டாவின் ஜெரால்ட் கவுண்டியில் ஓர் இளம் ஆசிரியை அந்தப் பாடத்தை இரவு முழுக்க நடத்தினார். பெயர் மே ஹன்ட். எரிபொருள் தீர்ந்து, பிள்ளைகளோடு பக்கத்துப் பண்ணைக்குக் கிளம்பி, அவரும் வழி தவறினார். ஆனால் அவர்கள் கையில் தட்டுப்பட்டது ஒரு வைக்கோல் போர். கையால் பறித்துக் குடைந்து பிள்ளைகளை உள்ளே தள்ளினார். பாடவும் கதை பேசவும் வைத்து விடியும்வரை ஒருவரையும் கண்ணயர விடவில்லை. ஒரு சிறுமிக்குப் பாதம் போனது. ஆனால் அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

மார்கழி விடிகாலையில் போரைப் பிடுங்கியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மேல் வைக்கோல் பனியில் நனைந்து சில்லென்று இருக்கும். முழங்கை ஆழம் கையை விட்டால் உள்ளே வெதுவெதுப்பு. தாளுக்குத் தாள் இடையில் அடைபட்ட காற்று அசையாமல் நிற்பதால், உள்ளே இருக்கும் சூடு வெளியே போக வழியில்லை. கொல்வது குளிரோடு சேர்ந்த காற்று. காற்றை நிறுத்திவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது.

ஆனாலும் வைக்கோல் எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. நெப்ராஸ்காவின் ஹோல்ட் கவுண்டியில் பத்தொன்பது வயது ஆசிரியை எட்டா ஷாட்டக் தனியாக மாட்டிக்கொண்டார். காய்ந்த புற்போர் ஒன்றைக் கண்டுபிடித்து அதற்குள் புகுந்தார். அன்று இரவு, மறுநாள், அதற்கு மறுநாள். 78 மணி நேரம். கால்கள் உறைந்து மரத்துப்போனதால், புயல் ஓய்ந்த பிறகும் எழுந்து வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பண்ணைக்காரர் கண்டெடுத்தபோது பேசும் நிலையில் இருந்தார். கால்களை வெட்டி எடுத்தார்கள். பிப்ரவரி 6-ஐ ஒட்டி இறந்துபோனார். உறைந்த கை கால்களைப் பனியால் தேய்ப்பதே வைத்தியம் என்று நம்பிய காலம் அது. உறைந்த சதைக்குள் பனித்துகள்கள் இருக்கும்போது தேய்த்தால், கண்ணாடித் தூளால் உள்ளிருந்து அறுப்பதுபோல. மீட்கப்பட்டவர்களில் எத்தனை பேர் இந்த வைத்தியத்தால் விரலையும் காலையும் இழந்தார்களோ.

அதே நெப்ராஸ்காவில் வெஸ்ட்ஃபாலன் குடும்பத்துச் சகோதரிகளைத் தேடிப் போனவர்கள் பல நாள் கழித்து உடல்களைத்தான் கண்டெடுத்தார்கள். மூத்தவளுக்குப் பதின்மூன்று, இளையவளுக்கு எட்டு. பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். மூத்தவள் தன் மேலாடையைக் கழற்றித் தங்கையின்மேல் போர்த்தியிருந்தாள்.

*

ஒமாஹா நகரிலிருந்து வந்த ‘பீ’ என்ற நாளிதழ் ‘வீராங்கனை நிதி’ ஒன்றைத் தொடங்கியது. மின்னிக்கும் லோயிஸுக்கும் எட்டாவுக்கும் சேர்த்தே பணம் திரட்டினார்கள், வெஸ்ட்ஃபாலன் சகோதரிகளுக்கு நினைவுக்கல் வைக்கவும் காசு சேர்ந்தது. அந்த மட்டில் அது நல்ல காரியம். ஆனால் செய்தித்தாள்களுக்கு ஒரு முகம் வேண்டும். மற்ற முகங்கள் மெல்லப் பின்னால் போய்விடும்.

43 ஆண்டுகள் கழித்து இன்னொரு பனிப்புயலிலும் அதேபோல நடந்தது. 1931 மார்ச் 26, கொலராடோ மாநிலத்தின் தென்கிழக்கில், டவுனர் என்ற ஊர்ப்பக்கம். அன்றும் வியாழக்கிழமை, அன்றும் மிதமான காலை. புயல் வருவதைப் பார்த்துப் பள்ளியை மூடி, இருபது பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். வெள்ளையில் வழி தெரியாமல் பஸ் பள்ளத்தில் இறங்கி நின்றது. உடைந்த ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் அட்டை. அந்த அட்டையும் தாங்கவில்லை. எரிப்பதற்கு இருந்தவை நோட்டுப் புத்தகங்கள். ஒரு தகரப் பாத்திரத்தில் போட்டு எரித்தார்கள், புகை மூச்சை அடைத்தது. குதிக்கவும் ஒருவரையொருவர் குத்திச் சண்டை போடவும் வைத்து, பெரிய பிள்ளைகள் சின்னவர்களைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலை டிரைவர் கார்ல் மில்லர் உதவி தேடி நடந்து போனார். பஸ்ஸில் அவர் மகளும் இருந்தாள். முள்கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டே மைல் கணக்கில் நடந்து, வயலில் விழுந்து இறந்தார். முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு தேடி வந்த தகப்பன்மார் பஸ்ஸைக் கண்டார்கள். பிள்ளைகளில் ஐந்து பேர் பிழைக்கவில்லை. அவர்களில் மில்லரின் மகளும் ஒருத்தி.

பதின்மூன்று வயது பிரையன் அன்டீட் தன் சட்டையைக் கழற்றிச் சின்னவர்களுக்குக் கொடுத்தான் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரே வாரத்தில் அவன் தேசிய நாயகன். ஜனாதிபதி ஹூவர் வெள்ளை மாளிகைக்கு அழைத்து விருந்தினராகத் தங்க வைத்தார். இறந்த ஐந்து பேரில் அவன் சொந்தத் தம்பியும் உண்டு என்பதைப் படிக்கும்போது, அந்த விருந்து அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று மனம் கனக்கிறது. அவனோடு பிழைத்த மற்றப் பிள்ளைகளும் அதே இரவைக் குதித்தும் குத்தியும் அழுதும் கடந்தவர்கள்தான். ஒருவனை மட்டும் தூக்கி வைத்ததில் மற்றக் குடும்பங்களுக்கு உண்டான வருத்தம் நெடுங்காலம் ஆறவில்லை. பலர் அந்த நாளைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

1888-இன் பிள்ளைகள் வேறு மாதிரி. அவர்கள் வயதான பிறகு பேசினார்கள். 1940-இல் நெப்ராஸ்காவில் ‘1888 ஜனவரி 12 பனிப்புயல் சங்கம்’ என்றே ஒன்றைத் தொடங்கினார்கள். அறுபதையும் எழுபதையும் தாண்டிய கிழவர்களும் கிழவிகளும் அன்று யார் எங்கே இருந்தோம் என்று எழுதியும் சொல்லியும் சேர்த்தார்கள். 1947-இல் அது ஒரு புத்தகமாக வந்தது. இன்று அந்தப் புயலைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்த முதியவர்களின் ஞாபகத்திலிருந்து வந்ததுதான். அரை நூற்றாண்டு கழிந்த ஞாபகத்தில் சில கயிறுகள் சேர்ந்திருக்கும், சில தூரங்கள் நீண்டிருக்கும். ஆனால் சிலேட்டுத் தண்ணீர்ப் புட்டிபோல ஒரு சின்னப் பொருள் தலைமுறை தாண்டி வரும்போது, அது நிஜம் என்று உள்ளம் நம்பிவிடுகிறது.

மின்னி ஃப்ரீமன் கல்யாணமாகி, பொதுக் காரியங்களில் ஈடுபட்டு, நீண்ட காலம் வாழ்ந்து 1943-இல் இறந்தார். வானிலை பார்க்கும் வேலையை 1891-இல் ராணுவத்திடமிருந்து எடுத்து, விவசாயத் துறையின் கீழ் ஒரு தனிப் பணியகமாக்கினார்கள். இவற்றையெல்லாம் விடவும் எனக்கு மனதில் நிற்பது ஒன்று. அந்தச் சட்டமன்றச் சுவரில் என்னை ஒரு சித்திரம் போடச் சொன்னால் நான் அதைத்தான் போடுவேன்.

ஜனவரி 13, விடிகாலை. காற்று ஓய்ந்திருக்கிறது. வானம் துடைத்துவிட்டதுபோல நீலம். நேற்று தெரியாத எல்லாம் இன்று தெரிகிறது: வேலி, பள்ளி, எட்டத்தில் ஒரு பண்ணை வீடு. பாதம் இரண்டும் உறைந்துபோன லோயிஸ் ராய்ஸ், இனி தன்னால் செய்வதற்கு ஒன்றுமில்லாத அந்த மூன்று பிள்ளைகளையும் அங்கேயே விட்டுவிட்டு, முழங்காலாலும் கைகளாலும் அந்த வீட்டை நோக்கித் தவழ்ந்துகொண்டிருக்கிறார்.